டிஸ்னி வேர்ல்டுக்கு டைனிங் பிளான் வாங்கலாமா? ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் ஐந்து இரவுகள் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஹோட்டலில் ஃபேமிலி சூட் பதிவாகிவிட்டது. நீங்கள், உங்கள் கணவர், பத்து வயது மகன், ஆறு வயது மகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார். மாமியார் முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். மற்ற நால்வரும் கோழி, மீன் சாப்பிடுவீர்கள், வீட்டில் யாரும் மது அருந்துவதில்லை. சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டி வாங்கும் டைனிங் பிளான் லாபமா நஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு அது இலவசம் என்று தோழி ஒருத்தி சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் "ஒவ்வொரு வேளையும் விலை பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டால் பிள்ளைகளுக்கு என்ன சந்தோஷம் இருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மனதில் உள்ள கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பத்து வருடங்களுக்கு மேலாக டாம்பாவில் இருந்துகொண்டு குடும்பங்களுக்குப் பயணம் திட்டமிட்டுக் கொடுக்கிறேன். அதில் பாதிக்கு மேல் டிஸ்னி பயணங்கள். பிளான் வாங்கி மகிழ்ச்சியாகத் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன், வருத்தப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் நிலைமைக்கு நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதை விளக்கினால்தான், உங்கள் நிலைமை நான் நினைப்பதிலிருந்து எங்கே மாறுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ள முடியும்.

முதலில், சந்தேகமே இல்லாத விதிகள். பிளான் டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் தங்குபவர்களுக்குத்தான். இரண்டு வகை உண்டு. குவிக் சர்வீஸ் பிளானில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு இரண்டு கவுண்டர் சாப்பாடும் ஒரு ஸ்நாக்கும் கிடைக்கும். இன்னொன்றான டிஸ்னி டைனிங் பிளானில் உட்கார்ந்து பரிமாறப்படும் சாப்பாடு ஒன்று, கவுண்டர் சாப்பாடு ஒன்று, ஸ்நாக் ஒன்று. இரண்டிலும் ஆளுக்கு ஒரு மக் தருவார்கள். தங்கியிருக்கும் நாள் முழுக்க ஹோட்டலில் அதில் காபி, சோடா நிரப்பிக்கொள்ளலாம். பார்க்குக்குள் அது செல்லாது. இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஸ்நாக்குக்கும் கிரெடிட் என்று பெயர். கிரெடிட் கணக்கு இரவுகளை வைத்துத்தான், நாட்களை வைத்து இல்லை. ஐந்து இரவு என்றால் ஆறு நாள் அங்கே இருப்பீர்கள், ஐந்து நாள் கிரெடிட்தான் வரும். அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு மிச்சம் இருப்பது அத்தனையும் காலாவதி. பணமாகத் திரும்பாது.

அடுத்த விதிதான் உங்களுக்கு முக்கியம். ஒரே பதிவில் இருக்கும் மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும் ஒரே பிளானை, முழு நாட்களுக்கும் வாங்கியாக வேண்டும். "அம்மாவுக்கு மட்டும் வேண்டாம்" என்று சொல்ல வழியில்லை. அதோடு, குழந்தை விலை என்பது மூன்று முதல் ஒன்பது வயது வரைதான். உங்கள் மகன் பத்தைத் தொட்டுவிட்டதால் இந்தக் கணக்கில் அவன் பெரியவன்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். கோவிட் காலத்தில் நிறுத்தி வைத்திருந்த பிளானை 2024 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வருடத்து விலையை வைத்தே கணக்குப் போடுகிறேன். நீங்கள் போகும் தேதிக்கான விலையைப் பதிவுப் பக்கத்தில் பார்த்து இந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் வடிவம் மாறாது. குவிக் சர்வீஸ் பெரியவருக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83. டிஸ்னி டைனிங் பிளான் பெரியவருக்கு 94.28, குழந்தைக்கு 29.69. எல்லாம் ஒரு இரவுக்கு. உங்கள் வீட்டில் கணக்குப்படி நான்கு பெரியவர், ஒரு குழந்தை. குவிக் சர்வீஸ் ஒரு இரவுக்கு 251.87 டாலர், ஐந்து இரவுக்கு 1,259 சொச்சம். பெரிய பிளான் ஒரு இரவுக்கு 406.81, ஐந்து இரவுக்கு 2,034. மகன் ஒரு வயது இளையவனாக இருந்திருந்தால் பெரிய பிளானில் மட்டும் மொத்தமாக 323 டாலர் குறைந்திருக்கும்.

இதே சாப்பாட்டைக் கையிலிருந்து காசு கொடுத்து வாங்கினால் எவ்வளவு ஆகும்? இங்கிருந்து நான் சொல்வது தோராயம். கடைக்குக் கடை, பருவத்துக்குப் பருவம் விலை ஆடும். கவுண்டர் கடைகளில் பெரியவர் சாப்பாடு சராசரி பதினான்கு டாலர், சோடா ஐந்து, சின்னவளின் சாப்பாடு பானத்தோடு சேர்த்து ஒன்பது, ஸ்நாக் ஏழு, மக் இருபத்திரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் இரண்டு வேளையும் சோடாவோடு சாப்பிட்டு, ஆளுக்கொரு ஸ்நாக்கும் மக்கும் வாங்கி, ஆறரை சதவீத வரியும் கட்டினால் ஒரு நாளைக்கு 240 டாலர் பக்கம் வருகிறது. அதாவது எல்லாக் கிரெடிட்டையும் ஒன்றுவிடாமல் பயன்படுத்தினாலும் பிளான் கொஞ்சம் கூடுதல்தான்.

ஆனால் உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வேளையும் சோடா குடிப்பார்களா? எங்கள் வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர்தான். கவுண்டர் கடைகளில் ஐஸ் போட்ட தண்ணீர் கேட்டால் இலவசமாகவே தருவார்கள். மாமியார் அரைச் சாப்பாடு சாப்பிடுவார், மீதியை யாராவது எடுத்துக்கொள்வீர்கள். அவருக்கு ஐஸ்கிரீமும் வேண்டியிருக்காது. இப்படி நடைமுறையில் சாப்பிடுகிற மாதிரி கணக்குப் போட்டால் அதே நாள் 155 டாலரில் முடிகிறது. பிளானுக்கும் இதற்கும் ஒரு நாளைக்கு நூறு டாலர் வித்தியாசம், ஐந்து நாளைக்கு ஐந்நூறு. நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். பிளான் கொடுக்கும் சாப்பாட்டின் மெனு விலையோடு பிளானை ஒப்பிடாதீர்கள். பிளான் இல்லாவிட்டால் நீங்கள் என்ன வாங்கியிருப்பீர்களோ அதனோடு ஒப்பிடுங்கள். "எண்ணூறு டாலர் கட்டி ஆயிரம் டாலருக்குச் சாப்பிட்டோம்" என்று சந்தோஷமாகச் சொல்பவர்களிடம், பிளான் இல்லையென்றால் ஆயிரம் டாலருக்குச் சாப்பிட்டிருப்பீர்களா என்று கேட்டால் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள்.

மது விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை இப்படி இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. 2005-இல் பிளான் தொடங்கியபோது உட்கார்ந்து பரிமாறப்படும் சாப்பாட்டில் முதலில் வரும் அப்பெடைசரும் டிப்ஸும் சேர்ந்தே இருந்தன. 2008-இல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 2018-இல் இருபத்தொரு வயது தாண்டியவர்கள் சாப்பாட்டோடு வரும் பானமாக பீர், வைன், காக்டெய்ல் எதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். பெரியவர் விலைக்குள் இப்போது அந்தச் சலுகையும் அடக்கம். ஒவ்வொரு வேளையும் பன்னிரண்டு, பதினைந்து டாலர் காக்டெய்ல் எடுப்பவருக்கு பிளான் நன்றாகவே கட்டுப்படியாகும். அதே கிரெடிட்டில் தண்ணீரோ ஐந்து டாலர் சோடாவோ எடுக்கிற வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. மகனுக்கும் பெரியவர் விலைதான், ஆனால் அந்தச் சலுகை அவனுக்குக் கிடையாது.

சரி, பெரிய பிளான்? இங்கேதான் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. மிக்கி, டொனால்டு வேடமிட்டவர்கள் மேசைக்கு மேசை வந்து படம் எடுத்துக்கொள்ளும் கேரக்டர் சாப்பாடுகளைப் பற்றித் தெரிந்திருப்பீர்கள். ஷெஃப் மிக்கீஸ், அனிமல் கிங்டம் பார்க்கில் டஸ்கர் ஹவுஸ், எப்காட் பார்க்கில் கார்டன் கிரில் போன்றவை. இவற்றில் பல ஒரே கிரெடிட்டில் முடியும். வெளியே காசு கொடுத்தால் பெரியவருக்கு அறுபது டாலரைத் தாண்டும், குழந்தைக்கு நாற்பதைத் தொடும். ஐந்து இரவும் இப்படிப்பட்ட இடங்களிலேயே சாப்பிட்டால், என் தோராயக் கணக்கில் ஒரு நாளைக்கு அறுபது டாலர் வரை பிளான் உங்களுக்கு மிச்சப்படுத்தும். அதே கிரெடிட்டைச் சாதாரண உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில், ஒரு முக்கிய உணவு, ஒரு இனிப்பு, ஒரு பானம் என்று செலவழித்தால் கிட்டத்தட்ட அதே அறுபது டாலர் உங்கள் கையை விட்டுப் போகும். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் ராயல் டேபிள், கன்டெம்பரரி ஹோட்டல் உச்சியில் இருக்கும் கலிஃபோர்னியா கிரில் போன்றவை இரண்டு கிரெடிட் கேட்பவை. அங்கே போனால் இரண்டு நாள் கிரெடிட் ஒரே வேளையில் போய்விடும்.

அதற்கு மேல் டிப்ஸ். அது பிளானில் சேராது. ஐந்து பேர் கேரக்டர் பஃபேயில் சாப்பிட்டால் பில் முந்நூறு டாலர். பதினெட்டு சதவீதம் வைத்தாலும் ஐம்பத்து நான்கு டாலர் ஒவ்வொரு முறையும் கையிலிருந்து போகும். முன்பணம் கட்டியாயிற்று, இனிச் செலவில்லை என்று நினைத்து வருபவர்கள் முதல் நாள் இரவே மனம் வாடுவது இந்த இடத்தில்தான்.

பணத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது நேரம். உட்கார்ந்து சாப்பிடும் ஒரு வேளைக்குப் போய்ச் சேர, காத்திருக்க, சாப்பிட என்று ஒன்றரை மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். பார்க் டிக்கெட்டுக்கு அத்தனை பணம் கட்டிவிட்டு, கிரெடிட் வீணாகக் கூடாது என்பதற்காகவே தினமும் ஒரு மேசையைத் தேடி ஓடிய குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஒரு குடும்பத்தில் கடைசி நாள் காலை ஒன்பது ஸ்நாக் கிரெடிட் மிச்சம். விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஹோட்டல் கடையில் நின்று, யாருக்கும் வேண்டாத பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டார்கள். அந்த அம்மா என்னிடம் போனில், "மூன்றாம் நாளிலிருந்து சாப்பாடு ஒரு வேலையாகிவிட்டது" என்று சொன்னார். அதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து பிளான் பற்றிக் கேட்பவர்களிடம் பணக் கணக்குக்கு முன்னால் நாள் கணக்கைப் போடச் சொல்கிறேன்.

உங்கள் மாமியாருக்கு வருவோம். என் பார்வையில் இந்த முடிவு அவரைச் சுற்றித்தான் நிற்கிறது. டிஸ்னி 2019-லிருந்து மெனுக்களில் ஒரு பச்சை இலைக் குறி போடுகிறது. இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேர்க்காத உணவு என்று அதற்கு அர்த்தம். முட்டை தவிர்ப்பவருக்கு இது பெரிய உதவி. வெறுமனே சைவம் என்று சொன்னால் அமெரிக்காவில் முட்டை உள்ளே வந்துவிடலாம், சோறு கோழிச் சாறில் வெந்திருக்கலாம். இலைக் குறி இருந்தால் அந்தச் சந்தேகம் வேண்டாம். குறி இல்லாத இடத்தில் தயங்காமல் பணியாளரிடம் சொல்லுங்கள், சமையல்காரரைக் கூப்பிட்டு விசாரித்துச் சொல்வார்கள். இந்த விஷயத்தில் அவர்கள் பொறுமையானவர்கள்.

ஆனால் கிடைப்பது வேறு, பிடிப்பது வேறு. இலைக் குறி போட்ட பர்கரையும் சாலட்டையும் மதுரையிலிருந்து வந்த அறுபது, எழுபது வயது அம்மா ஐந்து நாள் தொடர்ந்து சாப்பிடுவாரா? இரண்டாம் நாள் தயிர்ச் சோறு கேட்பார் என்பதுதான் என் அனுபவம். அனிமல் கிங்டமில் பண்டோரா பகுதியில் இருக்கும் சாட்டூலி கேன்டீனில் சோறும் காய்கறியும் டோஃபுவும் கிண்ணத்தில் கிடைக்கும், அது பலருக்கு ஒத்துப்போகிறது. அனிமல் கிங்டம் லாட்ஜில் சனா என்ற உணவகம் இந்திய, ஆப்பிரிக்கச் சமையலைக் கலந்து செய்வது. நாண் ரொட்டி, சட்னி வகைகளோடு வரும் அதன் ரொட்டித் தட்டு நம் ஊர்க்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது அப்பெடைசர் வரிசையில் இருப்பதால் பிளானில் வராது. உங்கள் மாமியார் அங்கே ஆசையாகச் சாப்பிடப் போகும் அந்த ஒன்றுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் நீங்கள் ஃபேமிலி சூட் எடுத்தது நல்ல முடிவு என்று சொல்வேன். அதில் மைக்ரோவேவும் சின்ன ஃபிரிட்ஜும் இருக்கின்றன. காலைச் சாப்பாட்டை அறையிலேயே முடித்துக்கொள்ளலாம். வெந்நீர் ஊற்றும் உப்புமா, மைக்ரோவேவில் சூடாக்கும் சாதம், பருப்புப் பாக்கெட், ஊறுகாய், தயிர் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். தயிர் வாங்கும்போது மட்டும் டப்பாவில் ஜெலட்டின் இருக்கிறதா என்று படித்துவிடுங்கள், இங்கே சில தயிர்களில் அது சேர்த்திருப்பார்கள். பார்க்குக்குள்ளும் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது. புளியோதரையைப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், எப்காட்டில் நிழலான ஒரு மேசையில் உட்கார்ந்து மாமியார் சாப்பிடலாம். அவருடைய பெயரில் ஒரு இரவுக்கு 57 டாலரோ 94 டாலரோ கட்டிவிட்டு அவரைப் புளியோதரை சாப்பிட விட உங்களுக்கு மனம் வருமா? வராது. கட்டியாயிற்றே என்று அவரையும் பஃபேக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பீர்கள்.

2026 பயணங்களுக்கு மூன்று முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு பிளான் இலவசம் என்று ஒரு சலுகை அறிவித்தார்கள். உங்கள் தோழி சொன்னது இதுவாகத்தான் இருக்கும். அறை, டிக்கெட், பெரியவர்களுக்கான பிளான் மூன்றையும் தள்ளுபடியில்லாத விலைக்கு வாங்கினால்தான் அது கிடைக்கும். உங்கள் விஷயத்தில் மகள் ஒருத்திக்குத்தான் பொருந்தும். பெரிய பிளானில்கூட நான் சொன்ன விலைப்படி ஐந்து இரவுக்கு 148 டாலர் மிச்சம். அதற்குப் பதில் அந்தத் தேதிக்கு அறைத் தள்ளுபடி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், ஃபேமிலி சூட் விலைக்கு அது இதைவிட அதிகமாக மிச்சப்படுத்தக்கூடும். ஒன்பது வயதுக்குள் இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். குழந்தை விலை எப்போதுமே இந்த பிளானின் நல்ல பக்கம்தான். 2024 விலைப்படி முப்பது டாலருக்குள் ஒரு கேரக்டர் பஃபேயும், அதன் மேல் ஒரு வேளைச் சாப்பாடும் ஸ்நாக்கும் குழந்தைக்குக் கிடைப்பது மலிவு. சின்னப் பிள்ளைகள், தினம் ஒரு கேரக்டர் சாப்பாடு, பெரியவர்கள் ஒரு கிளாஸ் வைன் குடிப்பவர்கள் என்றால் நானே வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். மகளுக்காக ஒரே ஒரு கேரக்டர் சாப்பாடு, முடிந்தால் காலை வேளையில், அப்போது விலை கொஞ்சம் குறைவாக இருக்கும். மாமியாருக்காக ஒரு மாலை சனா. மற்ற வேளைகள் கவுண்டர் கடைகளில், டிஸ்னி ஆப்பிலேயே முன்கூட்டி ஆர்டர் போட்டு வரிசையில் நிற்காமல் வாங்கிக்கொள்வது. அப்புறம், விலை பார்த்துப் பார்த்துச் சாப்பிடக் கூடாது என்ற உங்கள் ஆசைக்கு ஒரு வழி இருக்கிறது. டிஸ்னி கிஃப்ட் கார்டு இப்போதிருந்தே மாதம் கொஞ்சமாக வாங்கிச் சேருங்கள், சில கடைகளில் சின்னத் தள்ளுபடியிலும் கிடைக்கும். மொத்தம் ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டு அதைச் சாப்பாட்டுக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். அதுவும் முன்பணம் கட்டியது போலத்தான். அங்கே போனபின் பர்ஸைத் திறக்கும் உணர்வே வராது. மிச்சமானால் காலாவதி ஆகாது, பொம்மை வாங்கலாம், அறை பாக்கியைக் கட்டலாம். மகனுக்குத் தனியாக ஐம்பது டாலர் கார்டு ஒன்று கொடுத்து, ஸ்நாக் எது எப்போது என்று அவனையே முடிவு செய்யச் சொல்லுங்கள். என் மகனுக்கு அந்த வயதில் அப்படிச் செய்தேன். ரைடுகளைவிட அதைத்தான் இன்றும் நினைவு வைத்திருக்கிறான்.

நான் இங்கிருந்து அளக்க முடியாதது ஒன்றுண்டு, உங்கள் கணவரின் மனம். சிலருக்கு பில்லைப் பார்த்தாலே அந்த மாலை கெட்டுவிடும். அப்படிப்பட்டவராக இருந்து, கிஃப்ட் கார்டு கணக்கும் அவருக்கு உதவாது என்றால், ஐந்நூறு டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை என்று பிளான் வாங்குவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். அப்போது குவிக் சர்வீஸ் வகையை எடுங்கள். மேசை தேடி ஓட வேண்டியிருக்காது, டிப்ஸ் தொல்லையும் இல்லை. ஸ்நாக் கிரெடிட்டைத் தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்காமல், ஏப்ரலில் எப்காட்டில் நடக்கும் மலர், தோட்ட விழாவின் சின்னக் கடைகளில் பயன்படுத்துங்கள். அங்கே பல தட்டுகள் ஸ்நாக் கிரெடிட்டுக்குக் கிடைக்கும், விலை மதிப்பும் அதிகம்.

எதை எடுத்தாலும் மேசை முன்பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கும் எல்லா நாட்களுக்கும் சேர்த்துப் பதிவு திறந்துவிடும். பிளான் வாங்கியிருப்பதால் மேசை தனியாக ஒதுக்கி வைக்க மாட்டார்கள். உங்கள் தேதிக்கு அது பிப்ரவரியில் வரும். அன்று காலை எழுந்ததும் முதலில் கேரக்டர் சாப்பாட்டையும், அடுத்து சனாவையும் பதிவு செய்துவிடுங்கள்.